நெல்லிக் கொம்பும் ஒரு தூக்கு இறாலும்

தூத்துக்குடியில் பிறந்து தூத்துக்குடியிலேயே வாழ்க்கைப்பட்டவளைப் போனில் கூப்பிட்டு, "கடல் பாக்கப் போறோம், நீயும் வா" என்றால் என்ன சொல்வாள்? "எங்க வீட்டு மொட்டை மாடியில ஏறுனா தெரியுது. அதுக்கு ஆந்திரா வரைக்கும் வரணுமாக்கும்?" என்று கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. என் அக்கா பாக்கியம் சிரிக்காமல் பேசினால் அதில் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

விஷயம் அவள் மகள் சுகன்யா. தடா பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் வம்சி என்ற நாயுடுபேட்டைப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டில் சொல்லிவிட்டாள். தெலுங்கு வீடு, வேறு சாதி. அத்தான் முனிரத்தினம் இருபது நாள் பேசவில்லை, இருபத்தோராம் நாள் "பாக்கலாம்" என்றிருக்கிறார். பையனின் அம்மா இன்னும் அதுகூடச் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் கடற்கரைக்குப் போய், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அப்புறம் முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார்.

"அந்தம்மா சரின்னாதான் கல்யாணம். பையனோட அப்பா போனப்புறம் தனியா நின்னு வளத்தவங்க, அவங்க மனச நோவடிக்க மாட்டேன்னு பையனே சொல்லிட்டான். இந்தப் பொண்ணு சோறே துன்றதில்ல செல்வி. அவங்க முன்னாடி எனக்கு வாய் வராது. உனக்குத்தான் வாய் கீதே, வா" என்றாள் அக்கா.

இப்படி ஒரு பாராட்டை வாங்கிக்கொண்டு எப்படிப் போகாமல் இருப்பது? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை தடாவில் இறங்கும்போது மழை. அக்கா ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். ஏழு பேர் ஏறும் ஆட்டோவில் பதினோராவது ஆளாக ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில் பாதி இடம் கொடுத்து, மடியில் யாருடையதோ முட்டைக்கோஸ் மூட்டையையும் வைத்துவிட்டார்கள். பின்னால் ஒரு அம்மாள் போனில் தெலுங்கில், "ஆட்டோவில்தான் வருகிறேன். முன்னால் ஒரு தமிழ் அம்மா உட்கார்ந்திருக்கிறார். நம் மூட்டையை அவர்தான் வைத்திருக்கிறார், நல்லவராகத் தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குத் தெலுங்கு அரைகுறை. ஆனால் நல்லவர் என்று சொன்னது மட்டும் முழுசாகப் புரிந்தது. மூட்டையை இன்னும் கொஞ்சம் அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

அத்தான் வீட்டில் எல்லாரும் பேசுவது தமிழ், படிப்பது தெலுங்கு. அத்தானுக்குத் தமிழில் கையெழுத்துப் போட வராது. நிலப் பத்திரத்திலிருந்து மின்சாரப் பில் வரை எல்லாம் உருண்டை உருண்டையாகத் தெலுங்கு எழுத்து. அக்காவும் இருபத்தாறு வருஷத்தில் எங்கள் ஊர் "என்ன"வைத் தொலைத்துவிட்டு "இன்னா"வுக்கு வந்து சேர்ந்துவிட்டாள். வந்த அன்றைக்கே நாட்டுக்கோழி. "புரட்டாசி மாசம் பூரா வாயைக் கட்டி வெச்சிகினு இருந்தோம். பெருமாளுக்கு ஒரு மாசம், மிச்சம் பதினோரு மாசம் நமக்கு" என்றார் அத்தான், தொடையைக் கடித்துக்கொண்டே. அந்த ஊரே அப்படித்தான். ஐப்பசி பிறந்ததிலிருந்து தெருவில் வரிசையாகக் கறிக்குழம்பு வாசனை.

சனிக்கிழமை திருப்பதி. திருப்பதிக்குப் போய் மலை ஏறாமல், அடிவாரத்து மிருகக்காட்சிப் பூங்காவைச் சுற்றிவிட்டு வந்த பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்யாணம் முடிவாகாமல் மலையேற மாட்டேன் என்று அக்காவுக்கு வேண்டுதல். பூங்காவுக்குப் போனதற்குக் காரணம் விலங்குகள் இல்லை. வம்சி அங்கே "தற்செயலாக" வந்திருப்பான், நான் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். மான் கூட்டத்துக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு, வியர்த்து வழிய நின்றுகொண்டிருந்தான். மானைப் பார்க்க யாராவது ஷூ போட்டு வருவார்களா?

பூங்கா என்றால் எங்கள் ஊர்ப் பூங்கா மாதிரி இரண்டு ஊஞ்சலும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இல்லை. மலைக்காட்டில் பாதியை வளைத்துப் போட்டிருக்கிறார்கள். பேட்டரி வண்டி ஓடுகிறது. நான் வேண்டாம், நடக்கலாம் என்றேன். ஒரு பையனைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வெயிலில் நாலு கிலோமீட்டர் நடக்கவிட வேண்டும். பையன் முகம் சுளிக்கவில்லை. அக்காவின் பையை வாங்கிக்கொண்டான், அத்தானுக்கு இரண்டடி பின்னாலேயே வந்தான். அத்தான் நின்றால் நின்றான். வெள்ளைப் புலி எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. "எங்க மொதலாளி மாதிரியே கீது நைனா, கூப்ட்டா திரும்பமாட்டார்" என்றாள் சுகன்யா. அத்தான் சிரித்துவிட்டார். மகளோடு பேசி இரண்டு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பாம். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"தம்பி, அம்மாவுக்குச் சாப்பாட்டுல என்ன பிடிக்கும்?"

அவன் யோசிக்கவே இல்லை, சுகன்யாவிடம் பழகிய தமிழிலேயே சொன்னான். "எறான்னா உயிரு ஆன்ட்டி. பழவேற்காடு ஏரி எறா வந்தா கடையையே மூடிட்டு வாங்கப் போவாங்க." அவன் அம்மா ராஜ்யலட்சுமி நாயுடுபேட்டையில் சேலைக் கடை வைத்திருக்கிறார். "நாளைக்குச் சாப்பாடு எல்லாம் எங்களதுதான். நீங்க சும்மா வந்தா போதும்" என்றும் சொன்னான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் நல்ல பிள்ளை. மறுநாள் நடந்த பாதகத்துக்கு அதுவே காரணம்.

சும்மா வந்தால் போதுமாம்! தூத்துக்குடியில் பெண் வீட்டார் கையை வீசிக்கொண்டு போனால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். சாயங்காலம் சுகன்யா தடாவில் தன் விடுதிக்குப் போய்விட்டாள், மறுநாள் அங்கிருந்தே கடற்கரைக்கு வருவதாக ஏற்பாடு. வீட்டுக்கு வந்ததும் நான் அறிவித்தேன்: "காலையில இறால் தொக்கு செய்யுதேன். ஒரு வாய் வச்சா அந்தம்மா அங்கேயே சரின்னு சொல்லிருவா." அக்கா கொஞ்சம் இழுத்தாள். "அவங்க வேற மாதிரி இருப்பாங்களோ இன்னாவோ செல்வி..." "புரட்டாசிதான் முடிஞ்சு போச்சே, அவங்களும் பெருமாள் ஊருக்காரங்கதானே" என்று அடித்துப் பேசினேன். என் வாய்க்காகத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்!

ஞாயிறு விடியுமுன் அத்தான் பைக்கில் போய் இறால் வாங்கிவந்தார். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். எங்கள் கடல் இறாலை விட இனிப்பு என்று ஒப்புக்கொள்ள மனமில்லாவிட்டாலும் அதுதான் உண்மை. சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், அரைத்த மிளகு, கடைசியில் கறிவேப்பிலை. எண்ணெய் மேலே மிதக்க இறக்கினேன். பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய வந்தது. வாடகை வேனின் பின்பக்கம் துணி சுற்றி வைத்து, மொத்த வழியும் திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

தூபிலிபாளையம் கடற்கரைக்குச் சவுக்குத் தோப்புக்குள்ளே புகுந்துதான் போக வேண்டும். தோப்பு முடிகிற இடத்தில் வேன் மணலில் இறங்கி, பின்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. டிரைவர் இன்னும் கொஞ்சம் முறுக்கினார், அது இன்னும் கொஞ்சம் இறங்கியது. அத்தானும் டிரைவரும் சவுக்கு மிலாறு பொறுக்கி அடியில் போட்டார்கள். நானும் அக்காவும் பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினோம். சக்கரம் சுற்றிய வேகத்தில் மணல் பூரா என் வாயில். சம்பந்தம் பேசுகிற வாய்!

தூரத்தில் பார்த்துவிட்டு வம்சி ஓடிவந்தான், கூடவே அவன் தாய்மாமாவும் இன்னும் நாலைந்து ஆட்களும். "வண்டியைக் காலி பண்ணுங்கள், பாரம் குறையட்டும்" என்று மாமா தெலுங்கில் கத்தினார். ஆளுக்கு ஒன்றாகச் சாமானை இறக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐலசா போட்டு வேனை மேலே ஏற்றிய பிறகுதான், நான் வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்து கடற்கரையைப் பார்த்தேன்.

அலைக்கு நாற்பதடி தள்ளி, மணலைச் சமமாக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. நடுவில் காயோடு ஒரு நெல்லிக் கொம்பு நட்டு, மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். நெல்லிக்காயைக் குடைந்து, நெய் ஊற்றி, திரி போட்ட விளக்குகள். காற்றுக்கு அணையாமல் சுற்றிப் பனையோலை மறைப்பு. ஈரத் தலையும் மஞ்சள் பூசிய முகமுமாக ஒரு அம்மாள் கைகூப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வரிசையாகப் படையல் பாத்திரங்கள். தோப்பு நெடுக இப்படி இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள்.

"இது என்ன தம்பி?" என்று வம்சியைக் கேட்டேன்.

"கார்த்தீக வனபோஜனம் ஆன்ட்டி. தீபாவளிக்கு மறுநாள்லேர்ந்து ஒரு மாசம் சிவனுக்கு விரதம். இப்படி வெளியே வந்து நெல்லி மரத்தடியில சாப்பிடணும். இங்க மரம் இல்ல, அதான் கொம்பு. அம்மா இந்த மாசம் வெங்காயம்கூடத் தொடமாட்டாங்க."

பெருமாள் ஊருக்காரர்கள் பெருமாளுக்கு வாயைக் கட்டுவதில்லை. நாம் கட்டி முடித்துக் கோழி அடிக்கிற நேரத்தில் அவர்கள் சிவனுக்குக் கட்ட ஆரம்பிக்கிறார்கள். ஆந்திராவுக்குள் தமிழ் பேசுகிற ஊரிலேயே இருபத்தாறு வருஷம் இருந்த அக்காவுக்கும் தெரியவில்லை, அக்காவைப் பேசவிடாத எனக்கும் தெரியவில்லை. பரவாயில்லை, தூக்கு வேனிலேயே கிடக்கட்டும், மூச்சு விடக் கூடாது என்று திரும்பினேன். வேன் காலி.

தாய்மாமா ரொம்ப நல்ல மனிதர். பெண் வீட்டார் பிரியமாகக் கொண்டுவந்த பாத்திரத்தைச் சும்மா மணலில் வைப்பாரா? புளியோதரைக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் நடுவே, நெல்லிக் கொம்புக்கு நேர் கீழே, நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்து என் தூக்கை வைத்திருந்தார்.

அக்காவும் பார்த்துவிட்டாள். "ஐயோ செல்வி" என்றாள், சத்தமே வராமல். அத்தான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். விடுதியிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற சுகன்யா எங்கள் முகங்களையும் தூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "சித்தி, அதுல இன்னா கீது?" என்றாள். கேட்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் வெளிறியதைப் பார்த்தபோது, என் வாயை ஊசி நூல் கொண்டு தைத்தால் தேவலை என்றிருந்தது.

ராஜ்யலட்சுமி அம்மாள் கற்பூரம் காட்டி முடித்துத் திரும்பினார். "வாருங்கள், வாருங்கள். ஏன் இவ்வளவு சிரமம்? என்ன செய்து கொண்டுவந்தீர்கள்?" என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே தூக்கின் மூடியில் கையை வைத்தார்.

"தொறக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். கடற்கரையே திரும்பிப் பார்த்தது. இனிமேல் மறைத்து என்ன? தமிழும் தெலுங்குமாக எல்லாவற்றையும் கொட்டினேன். "அதுல இறால் இருக்கு அம்மா. உங்களுக்குப் பிடிக்கும்னு நான்தான் செஞ்சேன். பொண்ணுக்குத் தெரியாது. எங்களுக்கு விரத மாசம் போன மாசம், உங்களுக்கும் அதுதான்னு நெனச்சுட்டேன். தப்பு என்னோடது மட்டும்தான். அவளை எதுவும் நெனச்சிராதீங்க."

அந்த அம்மாள் மூடியிலிருந்து கையை எடுத்தார். தாய்மாமா தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ ஒரு பெண், "அபசகுனம்" என்றது தெளிவாகக் கேட்டது. அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

அப்போது சுகன்யா நகர்ந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தூக்கை எடுத்து அவள் நைனா கையில் கொடுத்தாள். நெல்லிக் கொம்பை இரண்டு கையாலும் பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கட்டியிருந்த புதுச் சேலையோடு கடலை நோக்கி நடந்தாள். மழைக்காலக் கடல். முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது என்று காவலர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். அவள் முழங்காலளவில் நின்றாள், அலை அவள் தலைக்கு மேல் வந்தது. நான் கடல்காரி, நானே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வம்சி ஓடினான். அதற்குள் அலை வடிய, கொம்பை விடாமல் அங்கேயே எழுந்து நின்றாள். தீட்டுப் போகக் கொம்பும் முழுகியாயிற்று, அவளும் முழுகியாயிற்று.

சொட்டச் சொட்ட வந்து, பழைய இடத்துக்குப் பத்தடி தள்ளிச் சுத்தமான மணலில் கொம்பை நட்டாள். புதிதாக நெல்லிக்காய் எடுத்துக் குடைய ஆரம்பித்தாள். ஈரக் கையில் கத்தி வழுக்கி இரண்டு காய் உடைந்துபோனது. ராஜ்யலட்சுமி அம்மாள் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாவது காயை அவள் எடுத்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அப்படி இல்லை, காம்புப் பக்கம் குடைய வேண்டும்" என்று சொல்லி, கத்தியை வாங்கிச் செய்து காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மணல் கண்ணில் விழுந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். "எனக்கும்தான்" என்றாள் அவள்.

சாப்பாடு வாழையிலையில். வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்தால் என்ன ருசி இருக்கும் என்று இத்தனை வருஷம் கேலி பேசியவள் நான். அந்தக் கோங்கூரா என்கிற புளிச்சக்கீரைப் பச்சடிக்கும் பருப்புக்கும் மூன்று முறை சோறு வாங்கினேன். அதில் கொஞ்சம் பிராயச்சித்தமும் கலந்திருந்தது. சுகன்யா இலையில் வைத்ததைக் கோலம் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இதற்கிடையே அத்தான் தூக்கோடு கரையோரமாகவே நடந்து, வலை உதறிக்கொண்டிருந்த படகுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். "இன்னா சொன்னாங்க?" என்று அக்கா கேட்டாள். "நல்லா கீதாம். உப்புதான் ஒரு கல்லு கம்மியாம்" என்றார். தூத்துக்குடிக்காரியின் இறாலுக்கு வடக்கத்திக் கடலில் உப்புக் குறை! வேறு நாளாக இருந்தால் அந்தப் படகு வரைக்கும் போய்ச் சண்டை பிடித்திருப்பேன்.

வெயில் தாழ்ந்தது. கிளம்பும் நேரத்தில் ராஜ்யலட்சுமி அம்மாள் கண்ஜாடை காட்டி என்னைத் தனியே கூப்பிட்டார். போச்சு, முடிவைச் சொல்லப்போகிறார் என்று பின்னாலேயே போனேன். சுகன்யா வேனுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த இறாலை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"படகுக்காரங்களுக்குக் கொடுத்துட்டோம் அம்மா. பாத்திரத்தைக்கூடக் கடல்ல கழுவியாச்சு."

"எல்லாவற்றையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பக்தி சம்பந்தப்பட்ட பெருமூச்சாக எனக்குத் தெரியவில்லை.

"மூடி மேல் கை வைத்தபோதே வாசனை வந்துவிட்டது" என்றார் குரலைத் தாழ்த்தி. "மிளகு போட்டிருந்தீர்கள் இல்லையா? விரதம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. எண்ணிக்கொண்டே இருக்கிறேன். முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அதையே செய்து எடுத்துக்கொண்டு வாருங்கள்." சொல்லிவிட்டு வேனைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இறாலோடு மட்டும் வந்தால் உள்ளே விடமாட்டேன். வெற்றிலை பாக்குத் தட்டோடு வர வேண்டும், முகூர்த்தம் குறிக்க ஐயரிடம் சொல்லிவைக்கிறேன். என்ன வதினா, சரிதானே?"

தெலுங்கில் சம்பந்தியம்மாளை வதினா, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவார்கள். அவர் கேட்டது அக்காவை. வாய் வராது என்று சொன்ன என் அக்கா, "சரே வதினா, சரே சரே" என்று ஏழெட்டுத் தடவை சொன்னாள். வாயாடி என்று தூத்துக்குடியிலிருந்து வரவழைக்கப்பட்ட எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

நாயுடுபேட்டை தாண்டுவதற்குள் சுகன்யா வேனை நிறுத்தச் சொன்னாள். சாலையோர டிபன் கடை. ஈரம் காயாத சேலையோடு இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து, "நாலு நாளா ஒண்ணியும் எறங்கல சித்தி" என்றாள். முதல் தோசையை அழுதுகொண்டே தின்றாள். இரண்டாவதைச் சிரித்துக்கொண்டே தின்றாள். மூன்றாவது வரும்போது அத்தான் தன் தட்டிலிருந்த தோசையைப் பிய்த்து, சட்னியில் தொட்டு, யாரையும் பார்க்காமல் மகள் வாய்க்குக் கொண்டுபோனார்.

"துன்னுமா" என்றார்.